பீடி இல்லாத மூச்சு

அந்த அம்மா முதன்முதலில் என் வண்டியில் ஏறியபோது வணக்கம்கூடச் சொல்லவில்லை. மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தார். டேஷ்போர்டில் நான் சொருகி வைத்திருந்த ஊதுபத்தி, கண்ணாடியில் தொங்கிய மல்லிச் சரம், ஏசிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த எலுமிச்சை வாசனை டப்பி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இறங்கணும். இல்லன்னா நான் இறங்கணும்" என்றார். அன்று வெள்ளிக்கிழமை. புது வேலை ஆயிற்றே என்று காலையில்தான் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டியைக் கிளப்பியிருந்தேன். சாமிக்குப் போட்ட பூவைக் கழற்றச் சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. அவரோ அதற்குள் என் சட்டைப் பக்கம் குனிந்துவிட்டார்.

"சென்ட் போட்டிருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"போட்டிருக்கீங்க."

போட்டுத்தான் இருந்தேன். முதல் நாளே பொய்க்காரன் ஆகிவிட்டேன்.

சுங்குவார்சத்திரத்து டிராவல்ஸ்காரர் ஒருவரிடம் நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலம். சென்னையில் ஏதோ ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த இந்த அம்மாவுக்காக ஒன்றரை வருஷத்துக்கு வண்டி பேசியிருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, சில நாள் மறைமலை நகர் வரை, கம்பெனி கம்பெனியாகப் போய்த் தொழிலாளிகளின் மூச்சைப் பையில் பிடித்துக்கொண்டு வர வேண்டும். மூச்சைப் பிடித்து என்ன செய்வார்கள் என்று கேட்டேன். மூக்குக்கு எட்டாத அளவில் என்னென்னவோ பொருள் நம் மூச்சில் கலந்து வருகிறதாம். நுரையீரல் கெட ஆரம்பித்தால் அவற்றில் சிலது கூடுமாம், சிலது குறையுமாம். அதைக் கூடத்தில் இருக்கும் மிஷின் பிரித்துக் காட்டுமாம்.

"அப்ப சீக்கு கீதா இல்லியான்னு ஊதினா தெரிஞ்சிடுமா மேடம்?"

"தெரியாது. சந்தேகப்படலாம். சந்தேகம் வந்தா ஸ்கேன் எடுக்கச் சொல்லலாம். அவ்வளவுதான்."

சந்தேகப்படுவது அவருடைய உத்தியோகம் என்று அன்றைக்கு நினைத்தேன். போகப் போகத்தான் அது அவருடைய சுபாவம் என்று தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம், தலையில் எண்ணெய் கிடையாது, பூ கிடையாது, முகத்தில் பவுடர்கூடக் கிடையாது. யாரையும் நீ என்று அழைக்க மாட்டார். கேட் வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லாருக்கும் நீங்கதான். "நீங்க பொய் சொல்றீங்க" என்பதைக்கூட அவ்வளவு மரியாதையாகச் சொல்வார்.

கம்பெனிக்குள் போனதும் ஆளை ஊதச் சொல்ல மாட்டார். முதலில் அந்த இடத்துக் காற்றையே ஒரு பையில் பிடிப்பார். பெயின்ட் அடிக்கிற இடம் பக்கத்தில் இருக்கிறதா, யாராவது டெட்டால் போட்டுத் தரையைத் துடைத்தார்களா என்று சுற்றிச் சுற்றி வருவார். கேன்டீனில் மசால் வடை போட்டுக்கொண்டிருந்தால் மேசையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மூலைக்குப் போவோம். அப்புறம் ஒவ்வொருவரிடமும் கேள்வி. என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், பீடியா சிகரெட்டா, கடைசியாக எப்போது? பதிலைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவர்கள் ஊதும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நம் ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வாயில் குழாய் வைத்து ஊது என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ரோட்டில் போலீஸ்காரர் நிறுத்தி ஊதச் சொல்வாரே, அது. ஒரு கம்பெனியில் திங்கட்கிழமை காலை போனோம். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வாயில் கிராம்பு, மீதிப் பேர் வாயில் மிட்டாய். ஒரு வெல்டர் மட்டும் மனசாட்சியோடு கேட்டுவிட்டார்.

"மேடம், சனிக்கிழம போட்டது இன்னும் இருக்குமா?"

"நீங்க நேத்தும் போட்டீங்க" என்றார் அம்மா. வரிசையே கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அத்தனை பேரையும் வாய் கொப்பளிக்கச் சொல்லி, அடுத்த நாள் வரச் சொல்லிவிட்டார். ஒரு நாள் டீசல் வீண்.

தினமும் காலையில் முதல் பை என்னுடையது. மற்றவர்கள் மூச்சை ஒப்பிட்டுப் பார்க்க, தூசில் வேலை பார்க்காத, நல்ல உடம்புக்காரன் ஒருவனுடைய மூச்சு வேண்டுமாம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். ஆனால் நான் நல்ல உடம்புக்காரன்தானா என்பதிலும் அம்மாவுக்குச் சந்தேகம். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் மண்ணூரில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து நின்றார். அடுப்பு கேஸா விறகா என்று பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து கொசுவத்திச் சாம்பலைக் கண்டுபிடித்தார். என் பெண்டாட்டியிடம், "இவர் பீடி குடிப்பாரா?" என்று கேட்டார். அவளும் சும்மா இருக்காமல், "என்னிய கட்டறதுக்கு மின்னாடி குடிச்சிகினு இருந்தாரு, இப்ப இல்லீங்க" என்று போட்டு உடைத்தாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. பக்கத்து வீட்டில்தான் என் தங்கை. மேடம் வந்திருக்கிறாரே என்று அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அதையும் ஏலக்காய் போட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தார்.

எனக்கு வாயுத் தொல்லை உண்டு. காலையில் ஒரு டம்ளர் ஓமத் தண்ணீர் குடித்தால்தான் ஸ்டியரிங்கில் உட்கார முடியும். அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டேன் என்றேன். ஒரு மாதம் கழித்து, கூடத்திலிருந்து வந்த தாள்களைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"நீங்க ஓமத்த நிறுத்தல."

"சத்தியமா மேடம்..."

"சத்தியம் வேண்டாம். தினமும் ஒரே அளவு பொய் சொல்றீங்க. மாறாம இருக்கறதால பரவாயில்ல, குடிங்க."

இப்படிப்பட்டவர் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் ஒரு வேலையை விட்டார். ஊதி முடித்த பைகளை மேசையிலிருந்து வண்டிக்குள் இருக்கும் பெட்டிக்குக் கொண்டுபோய் வைப்பது. முதல் சில மாதம் அவரேதான் செய்தார். முழங்கால் வலி வந்து வேன் படி ஏற முடியாமல் போனதும், "நீங்க வைங்க" என்றார். வேறு யாரையும் அந்தப் பைகளைத் தொட விட்டதில்லை.

அவர் என்னைச் சந்தேகப்பட்டார் என்று சொல்கிறேனே, நான் அவரைச் சந்தேகப்படவில்லையா? பட்டேன், நன்றாகவே பட்டேன். பையில் பெயர் கிடையாது, நம்பர்தான். எந்த நம்பர் யார் என்கிற நோட்டு அவருடைய கைப்பையில் இருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன்.

"இந்த நோட்ட கம்பெனிக்குக் குடுப்பீங்களா மேடம்?"

"மாட்டேன். ரிசல்ட் அவங்கவங்க கைக்குத்தான்."

"அத நாங்க நம்பணுமா?"

"நம்பாதீங்க" என்றார். சொல்லிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பே எனக்குச் சரியாகப் படவில்லை. சில நாளில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். ஆள் அவரைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு வெகு நேரம் பேசினார். அம்மா வெளியே வரும்போது கையில் ஒரு பழுப்புக் கவர். வந்ததும் பெட்டியை மூடச் சொல்லி, பாதியிலேயே கிளம்பிவிட்டார். அந்தக் கம்பெனிக்கு நாங்கள் அப்புறம் போகவே இல்லை. நோட்டைக் கொடுத்தாயிற்று, காரியம் முடிந்தது, அதுதான் இனி போகத் தேவையில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன்.

ஆடி மாதம் எங்கள் வண்டி ஒரகடம் பக்கத்தில் ஒரு ஃபவுண்டரிக்குப் போகிறது என்று தெரிந்தது. என் தங்கை புருஷன் அங்கேதான் கான்ட்ராக்டில் இருந்தார். மண் அச்சில் வார்த்து வரும் இரும்பைத் தேய்த்துச் சுத்தம் செய்கிற கிரைண்டிங் ரூமில் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் கண் இமையெல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும். மூன்று மாதமாக இருமல். பீடியால் வருகிற இருமல் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தார்.

"மச்சான், நாளைக்கு அந்த மேடம்கிட்ட மாட்டினா என் கத முடிஞ்சுது. தீபாவளி கழிச்சு பர்மனென்ட் பண்றேன்னு சூப்பர்வைசர் சொல்லிகினு கீறாரு. இந்த நேரத்துல சீக்குன்னு பேர் வந்தா கேட்லயே நிறுத்திடுவானுங்க."

"நீ ஊதாமலே இருந்துடேன் மாப்ள."

"ஊதாதவன் பேரு மொதல்ல தெரியும். நீதான மச்சான் பையத் தூக்கினு போற? எனக்குப் பதிலா நீ ஊதிடு."

இதில் தப்பு இருப்பதாக எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை என்பதுதான் உண்மை. லேட்டாக வருகிறவனுக்காக இன்னொருவன் கார்டு தேய்ப்பது இங்கே எல்லாக் கம்பெனியிலும் நடக்கிற விஷயம். கார்டு தேய்க்கிறோம், மூச்சு விட்டால் என்ன? அதிலும் என் மூச்சு, மேடமே தேர்ந்தெடுத்த மூச்சு. பழுப்புக் கவரை நினைத்துக்கொண்டபோது இருந்த கொஞ்சநஞ்சத் தயக்கமும் போய்விட்டது.

மறுநாள் மாப்பிள்ளை வரிசையில் வந்து, கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். குழாயில் ஊதினார். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்பக்கம் போனேன். புதுப் பை ஒன்றை எடுத்து ஊதி, நம்பர் ஸ்டிக்கரை உரித்து அதில் ஒட்டினேன். அவருடைய பையைத் திறந்து இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினேன். புஸ்ஸென்று காற்று போனது.

ஆவணியில் ரிசல்ட் வந்தது. சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்று தமிழிலேயே எழுதியிருந்தது. இதில் ஒரு கூத்து என்னவென்றால், ரிசல்ட் கம்பெனிக்குப் போய்விடுமோ என்று பயந்த மாப்பிள்ளையே அதை எடுத்துக்கொண்டு போய் சூப்பர்வைசரிடம் காட்டினார். அவரும் முதுகில் தட்டிக்கொடுத்தார். சொன்னபடி பர்மனென்ட் ஆயிற்று. கிரைண்டிங் ரூமிலேயே. உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று ஓ.டி.யும் போட்டார்கள். என் தங்கை கறிக்குழம்பு வைத்துக் கூப்பிட்டாள். "அந்தப் பீடிய வுட்டா இந்த இருமலும் போய்டும்ண்ணா" என்று சொல்லிக்கொண்டே பரிமாறினாள். நானும் வழித்துச் சாப்பிட்டேன்.

மார்கழியில் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வருஷ முடிவில், கூடத்திலிருந்து வந்த தாள்களை முதலிலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி பார்ப்பது அவர் வழக்கம். கூடத்து ஆட்கள்மேலும் சந்தேகம்தான். மூன்றாம் நாள் காலை வண்டியில் ஏறினார். பின்னால் உட்காராமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எந்தக் கம்பெனி மேடம் இன்னைக்கு?"

"கம்பெனி இல்ல. உங்க தெரு."

மண்ணூர் திரும்புகிற இடத்தில் கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே நின்று வழி விடாமல் இருந்தபோது, ரோட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"ஒருத்தர் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடின்னு எழுதிக் குடுத்திருக்கார். அவர் பையில பீடியோட தடமே இல்ல. குடிக்கறவங்க குடிக்கலன்னு சொல்வாங்க, அது எனக்குப் புதுசில்ல. குடிக்காதவர் எதுக்குக் குடிக்கறேன்னு சொல்றார்? முதல்ல மிஷின சந்தேகப்பட்டேன். அப்புறம் நம்பர் மாறிப்போச்சோன்னு என்னையே சந்தேகப்பட்டேன். நேத்துதான் பாத்தேன். அந்தப் பையில ஓமம் இருக்கு."

ஹாரன் அடிக்கப் போன கையை எடுத்துக்கொண்டேன்.

"அது... என் தங்கச்சி வூட்டுக்காரரு மேடம்."

"நோட்டுல அட்ரஸ் இருக்கு. டீ குடுத்தாங்களே, அவங்கதானே?"

"நீங்க நோட்ட அந்த எச்.ஆர்.கிட்ட குடுத்துட்டீங்கன்னு நெனச்சி..."

"பேர் லிஸ்ட் கேட்டார். தர மாட்டேன்னு சொன்னேன். இனிமே உள்ள வரக் கூடாதுன்னு லெட்டர் குடுத்துட்டார்." லாரி நகர்ந்தது. "என்கிட்ட கேட்டிருக்கலாம். எல்லாரையும் நான் கேள்வி கேக்கறேன், நீங்க என்னைக் கேட்டிருக்கலாம்."

அன்று மாப்பிள்ளைக்கு வார லீவு. வீட்டில் இருந்தார். அம்மா பையை நீட்டி, "இப்ப நீங்களே ஊதுங்க" என்றார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊத ஆரம்பித்தார். ஆடியில் ஒரே மூச்சில் நிரப்பிய பை அது. இப்போது பாதிகூட வரவில்லை. நிறுத்தினார், இருமினார், மறுபடி ஊதினார். கதவைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் தடவை ஊதும்போது அம்மாவே, "போதும், விடுங்க" என்று பையை வாங்கிக்கொண்டார். மிஷினே தேவைப்படவில்லை. அங்கே நின்ற நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது.

என் தங்கை மட்டும் குழம்பினாள். "ஆவணியிலயே ஒண்ணும் இல்லன்னு எழுதி வந்துச்சே மேடம்?"

அம்மா என்னைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. பையின் வாயை மெதுவாக மூடிக்கொண்டிருந்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

தங்கை கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அப்ப ஒண்ணும் இல்லன்னு எழுதியிருந்தது உனக்குத்தானாண்ணா" என்றாள். "நல்லதாப் போச்சு. நீ நல்லா இரு."

மறுநாளே அம்மா தன் செலவில் மாப்பிள்ளையைச் சென்னைக்கு ஸ்கேனுக்கு அழைத்துப்போனார். நான்தான் வண்டி ஓட்டினேன். மண் தூசு நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிட்டது, போனது திரும்பாது, இனிமேல் தூசு பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். கடைசியாக எப்போது அந்த ரூமுக்குள் போனீர்கள் என்று கேட்டதற்கு, "முந்தாநேத்து, டபுள் ஷிஃப்ட் சார்" என்றார் மாப்பிள்ளை. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அந்த ஐந்து மாதத்தில் எவ்வளவு போனது, அதற்கு முன்னால் எவ்வளவு போயிருந்தது என்று பிரித்துச் சொல்ல முடியுமா என்று அம்மா கேட்டார். முடியாது என்றார். அந்தக் கேள்வியை எனக்காகக் கேட்டாரா, எனக்கு எதிராகக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

டிராவல்ஸ்காரரிடம் என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மீதி இருந்த ஏழு மாதமும் நான்தான் ஓட்டினேன். ஆனால் ஒரு பையைக்கூட நான் தொட்டதில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவரே படி ஏறுவார், அவரே இறங்குவார். நான் பக்கத்தில் சும்மா நிற்பேன். திட்டிவிட்டால்கூட நன்றாக இருக்குமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அவரோ எப்போதும்போல "சாப்டீங்களா?" என்று கேட்டு, நான் சாப்பிட்டேன் என்றால், "என்ன சாப்டீங்க?" என்று அடுத்த கேள்வி கேட்பார்.

வேலை முடிந்து அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டார். இரண்டு தெரு நடந்தால் எங்கேயாவது உட்கார வேண்டும். தங்கைதான் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் ஷிஃப்ட் பார்க்கிறாள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய போனுக்கு அம்மா கூப்பிடுவார். மாப்பிள்ளை, "நல்லா கீறேன் மேடம்" என்று சொன்னால் நம்ப மாட்டார். பத்து வரைக்கும் ஒரே மூச்சில் எண்ணச் சொல்லிக் கேட்பார். அப்புறம் தங்கையிடம் கொடுக்கச் சொல்லி, அவர் சொன்னது நிஜமா என்று விசாரிப்பார்.

போன மாதம் அவர் கூப்பிட்டபோது தங்கை துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். போன் என் கைக்குப் பக்கத்தில் அடித்தது. உள் அறையில் மாப்பிள்ளை தலையணையில் சாய்ந்தபடி இருமிக்கொண்டிருந்தார். முந்தின நாளிலிருந்தே அப்படித்தான். எடுத்து, நான்தான் பேசுகிறேன் என்று சொன்னேன். மூன்று வருஷம் கழித்து அந்தக் குரலைக் கேட்கிறேன்.

"எப்படி இருக்கார்?" என்றார்.

அவரைக் கவலைப்பட வைப்பானேன் என்று தோன்றியது. "நல்லா கீறாரு மேடம். ஒண்ணும் பிரச்சின இல்ல" என்றேன்.

"போன உங்க தங்கச்சிகிட்ட குடுங்க" என்றார்.